28 சென்டிமீட்டர் தூரத்தில்

எலெக்ட்ரானிக்ஸ் போர்டு வேலையில் கண்தான் முதல் கருவி. சோல்டரிங் அயர்ன், ட்வீசர் எல்லாம் அதற்கு அப்புறம்தான். பெங்களூரு பீன்யா தொழிற்பேட்டையில் நான் இருக்கும் யூனிட்டில், மெஷினில் பாகங்கள் ஏற்றி ஓவனுக்குள் போய் வந்த போர்டுகள் என் மேஜைக்கு வரும். பக்கத்துப் பக்கத்துக் கால்கள் ஒட்டிக்கொண்டு ஷார்ட் ஆகியிருக்கிறதா, எங்காவது டிரை சோல்டர், அதாவது சரியாகப் பிடிக்காத சோல்டர், இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் டச்-அப் செய்து அனுப்ப வேண்டும். 0603 என்ற சைஸ் ரெசிஸ்டர் ஒன்றின் நீளம் 1.6 மில்லிமீட்டர், அகலம் 0.8. நொய்யரிசியைவிடப் பொடிசு. அதன் முதுகில் இருக்கும் கடைசி எண், முன்னால் இருப்பதோடு எத்தனை சைபர் சேர்க்க வேண்டும் என்று சொல்லும். 103 என்று இருந்தால் 10,000 ஓம், 102 என்று இருந்தால் 1,000. கடைசி எண் இரண்டா மூன்றா என்பதில்தான் போர்டின் உயிரே இருக்கிறது.

நாற்பத்து நாலு வயதில் எனக்கு அந்தக் கடைசி எண் கலங்க ஆரம்பித்தது. காலையில் தெரியும், மாலையில் தெரியாது. ஜன்னல் பக்கம் தெரியும், உள்வரிசையில் தெரியாது. வெளிச்சம் கூடினால் கண்ணின் பாவை சுருங்கும், சுருங்கினால் கொஞ்சம் முன்னே பின்னே இருப்பதும் தெளிவாகத் தெரியும். அதனால் மேஜை விளக்கை இன்னும் கீழே இறக்கி இறக்கி நிறைய நாள் ஓட்டிவிடலாம். எங்கள் லைனில் பலர் அப்படித்தான் ஓட்டுகிறார்கள். மேக்னிஃபையர் விளக்கு இருக்கிறதே என்று கேட்கலாம். சந்தேகம் வந்தால்தான் அதை இழுப்போம். ஒவ்வொரு ஜாயின்ட்டுக்கும் இழுத்துக்கொண்டிருந்தால் அன்றைய எண்ணிக்கை விழுந்துவிடும்.

இதற்குப் பெயர் வெள்ளெழுத்து. இது நோய் இல்லை. கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் சின்ன வயதில் மெத்தென்று இருக்கும், பக்கத்தில் பார்க்கும்போது தானாகக் குவிந்துகொள்ளும். வயது ஏற ஏற அது இறுகிக்கொண்டே வரும். நாற்பதை ஒட்டி அந்த இறுக்கம் நமக்குத் தெரிய ஆரம்பிக்கிறது. சோல்டரிங் வேலை செய்ததால் வந்ததும் கிடையாது, வயலில் நிற்பவருக்கும் வரும். ஊசியில் நூல் கோர்க்காததால் அவருக்கு அது தாமதமாகத் தெரிகிறது, அவ்வளவுதான். "கண்ணாடி போட்டா பவர் ஏறிக்கிட்டே போகும்" என்று லைனில் ஒரு பேச்சு உண்டு. போட்டாலும் போடாவிட்டாலும் அறுபது வரைக்கும் அந்த லென்ஸ் இறுகத்தான் செய்யும். இதை நான் ஒவ்வொருவரிடமும் உட்கார்ந்து சொல்லியிருக்கிறேன், இன்னும் சொல்வேன்.

முதல் கண்ணாடி ஸ்ரீராமபுரத்தில் எங்கள் தெருமுனைக் கடையில் போட்டது. சின்ன எழுத்து அட்டையைக் கையில் கொடுத்து, "பேப்பர் படிக்கிற மாதிரி புடிங்க" என்றார்கள். ப்ளஸ் ஒன்று வந்தது. வீட்டில் காலண்டர், மாத்திரை அட்டை, ஃபோன் எல்லாம் பளிச்சென்று இருந்தன. வேலைக்குப் போனால் பழைய கலக்கம் பாதி அப்படியே, கூடவே மதியத்துக்குள் நெற்றிப்பொட்டில் வலி. கண் மருத்துவமனைக்குப் போனபோதுதான், பரிசோதித்த பெண் யாரும் கேட்காத ஒன்றைக் கேட்டாள்: "எவ்வளவு தூரத்துல வெச்சு வேலை பாப்பீங்கக்கா?"

மறுநாள் பக்கத்து மேஜைப் பெண்ணிடம் டேப்பைக் கொடுத்து, நான் அயர்னும் கையுமாக இருக்கும்போது கண்ணிலிருந்து போர்டு வரை அளக்கச் சொன்னேன். 28 சென்டிமீட்டர். கணக்கு ரொம்ப எளிது. 100-ஐ அந்த தூரத்தால் வகுத்தால், கண் எவ்வளவு பவர் போட வேண்டும் என்று வந்துவிடும். பேப்பர் படிக்கும் 40 சென்டிமீட்டருக்கு இரண்டரை. என் 28-க்கு மூன்றரைக்குக் கொஞ்சம் மேலே. அந்த ஒரு பவர் வித்தியாசத்தைத்தான் என் கண் நாளெல்லாம் இழுத்துக்கொண்டிருந்தது. மேஜைக்கென்று ஒன்றேமுக்கால் பவரில் தனிக் கண்ணாடி போட்டார்கள். தையல், நகை வேலை, வாட்ச் ரிப்பேர் என்று பக்கத்தில் பார்த்துச் செய்கிற யாராக இருந்தாலும் தூரத்தை அளந்து எழுதிக்கொண்டு போங்கள்.

பழகுவதற்குக் கொஞ்ச நாள் ஆனது. ப்ளஸ் லென்ஸ் எல்லாவற்றையும் பெரிதாகக் காட்டும். அயர்ன் முனை இருக்கும் இடத்தைவிடப் பக்கத்தில் இருப்பதுபோலத் தோன்றும், கை ஒரு நொடி தயங்கும். நிமிர்ந்தால் சுவர்க் கடிகாரம் கலங்கும், எதிரே வருபவரின் முகமும் கலங்கும். அதற்காகக் கழுத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டேன். பருத்திக் கயிறுதான். மின்சாரம் ஓடும் போர்டின் மேல் குனியும்போது உலோகச் சங்கிலி தொங்கக்கூடாது. கடையில் ப்ரோக்ரஸிவ் வாங்கச் சொன்னார்கள். அதில் தூரத்துக்கு மேல் பாகம், பக்கத்துக்குக் கீழ் பாகம். எங்கள் சூப்பர்வைசர் அதைத்தான் போட்டிருக்கிறார். லைனுக்கு லைன் நடப்பவர், பத்து பேர் முகத்தையும் கையில் இருக்கும் ஷீட்டையும் மாறி மாறிப் பார்ப்பவர், அவருக்கு நன்றாகப் பொருந்துகிறது. ஷிஃப்ட் முழுக்க ஒரே தூரத்தில் பார்க்கும் எனக்கு, பக்கத்துப் பார்வைக்காக மோவாயைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்தால் கழுத்து தாங்காது.

இவ்வளவும் எழுதக் காரணம் மாரிகுப்பம் அக்கா. எங்கள் லைனில் எல்லோரும் ஊர்ப் பெயரால் அப்படித்தான் கூப்பிடுவோம். அப்பா கோலார் தங்கவயலில் சுரங்கத் தொழிலாளி. 2001-ல் சுரங்கம் மூடியபிறகு அங்கிருந்து தினமும் ரயிலேறி பெங்களூரு வேலைக்கு வரும் தமிழ்க் குடும்பங்கள் எத்தனையோ, அதில் அக்காவுடையதும் ஒன்று. ஐம்பதை நெருங்குகிறார். ரொம்ப நாளாகவே பக்கத்தில் இருக்கும் பெண்ணிடம் "இது என்ன நம்பர் பாரும்மா" என்று போர்டை நீட்டுவார். ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் என் கண்ணாடியைக் கழற்றிக் கொடுத்தேன். மாட்டிக்கொண்டு, கெட்டுப்போன போர்டு ஒன்றை எடுத்தார். விரலால் மெல்லச் சாய்த்து, "நாலு, ஏழு, மூணு" என்றார். அப்புறம் அடுத்தது. அப்புறம் அதற்கு அடுத்தது. சாப்பாட்டு டப்பா திறந்தபடியே இருந்தது. எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

"நாளைக்கே போய்ப் போட்டுடுங்கக்கா" என்றேன். "போட்டா பேக்கிங்குக்கு அனுப்பிடுவாங்கம்மா" என்றார். அந்தப் பயம் வீண் பயம் கிடையாது. கண் மங்கிவிட்டது என்று பெயர் வந்தால் பேக்கிங், பேக்கிங் போனால் இன்ஸ்பெக்‌ஷன் அலவன்ஸ் போய்விடும். அதனால் இருபது வருடக் கைப்பழக்கம் உள்ளவர்கள் தெரியாத எண்ணைத் தெரிந்ததுபோலக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.

எங்கள் மல்டிமீட்டரில், அளவு சரியாக இருக்கிறது என்று சோதித்து ஒட்டும் காலிப்ரேஷன் ஸ்டிக்கர் வருடம் தவறாமல் மாறும். அயர்ன் முனையின் சூட்டை தினமும் சோதிப்பார்கள். ரிஸ்ட் ஸ்ட்ராப்பும் விரலுறையும் கம்பெனியே தருகிறது. கண்ணை மட்டும் யாரும் சோதிப்பதில்லை. 2025 நவம்பர் வரை நடைமுறையில் இருந்த 1948-ன் தொழிற்சாலைச் சட்டத்தில் 35-வது பிரிவு கண் பாதுகாப்பைப் பற்றியது. அது பேசியது தெறிக்கும் துகளையும் கூசும் ஒளியையும் தடுப்பதைப் பற்றி. வயதாகும் கண்ணுக்கு அதில் இடம் இருக்கவில்லை.

என் மகள் ஒரு ஆய்வைத் தேடிக் கொடுத்தாள். 2018-ல் லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் வந்தது. அஸ்ஸாமில் தேயிலை பறிக்கும் 40 வயதுக்கு மேற்பட்ட 751 பேரில் பாதிப் பேருக்குப் பக்கத்துப் பார்வைக் கண்ணாடி கொடுத்துப் பார்த்தார்கள். கண்ணாடி கிடைத்தவர்களின் பறிப்பு மற்றவர்களைவிட சுமார் 22 சதவீதம் கூடுதலாக உயர்ந்தது. இலை பறிப்பதிலேயே அவ்வளவு என்றால், 0.8 மில்லிமீட்டரில் எண் படிக்கும் வேலையில் எவ்வளவு இருக்கும்! அந்தத் தாளை பிரின்ட் எடுத்துக் கமிட்டிக் கூட்டத்தில் கொடுத்தேன். நாற்பது தாண்டியவர்களுக்கு வருடம் ஒருமுறை, அவரவர் மேஜை தூரத்தில் கண் பரிசோதனை, கண்ணாடிச் செலவு கம்பெனியுடையது என்பது முதல் கோரிக்கை. கண்ணாடி போட்டதற்காக யாரையும் லைனிலிருந்து மாற்றக்கூடாது என்பது இரண்டாவது.

முதலாவதற்கு, பரிசோதனை வரைக்கும் சரி என்றிருக்கிறார்கள். இரண்டாவதை எழுத்தில் தரச் சொல்லி மறுபடியும் மனு கொடுத்திருக்கிறோம். இந்த முறை முதல் கையெழுத்து மாரிகுப்பம் அக்காவுடையது.