முட்டி நேராக வேண்டும் முதலில்

முட்டிக்குள் இருக்கும் ஏசிஎல் என்ற தசைநார் கிழிந்துவிட்டது என்று சொன்னால் எல்லோரும் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: "எத்தனை மாதம்?" கோலாலம்பூர் செந்தூலில் எங்கள் அடுக்குமாடிக்குக் கீழே பூக்கட்டும் அக்கா கேட்டார். பள்ளி ஆசிரியர்கள் கேட்டார்கள். கோயில் குருக்கள்கூட விபூதி கொடுத்தபடியே கேட்டார். ஒன்பது மாதம் என்று ஒருவர் சொல்வார், ஒரு வருடம் என்று இன்னொருவர் சொல்வார். அந்த எண்ணை வைத்து நாள்காட்டியில் வட்டம் போட்டுக்கொள்வது மனத்துக்கு இதமாகத்தான் இருக்கும். ஆனால் முட்டிக்கு நாள்காட்டி படிக்கத் தெரியாது. இதே வழியில் காலெடுத்து வைக்கப்போகும் ஜிம்னாஸ்டிக்ஸ் பிள்ளைகளுக்காகவும், அவர்களைவிட அதிகம் பயந்துபோயிருக்கும் அம்மாக்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

எனக்கு இது நடந்தது ஐந்தாம் படிவத்தில், பள்ளி இறுதித் தேர்வான எஸ்பிஎம் எழுதவேண்டிய ஆண்டில். தரை விரிப்பில் கரணமடிக்கும் ஃப்ளோர் பயிற்சியின்போது உடலை நேராக வைத்துப் பின்கரணம் அடித்து, காற்றில் இரண்டு முறை சுழன்று இறங்க வேண்டும். சுழற்சி முடியக் கால்வாசி வட்டம் பாக்கியிருக்கும்போதே பாதம் தரையைத் தொட்டுவிட்டது. பாதம் நின்றது, உடல் திரும்பிக்கொண்டே இருந்தது, நடுவில் அகப்பட்டது முட்டி. 'டொக்' என்ற சத்தம் பீம் என்ற ஒடுங்கிய உத்தரத்தின் மேல் நின்றிருந்த தோழிக்கும் கேட்டதாம். வலி சில நிமிடங்களில் அடங்கிவிட்டது. எழுந்து நடந்தேன். வீடு வந்து சேர்வதற்குள் முட்டிச் சில்லு எங்கே இருக்கிறது என்றே தெரியாத அளவுக்கு வீங்கிவிட்டது. அடிபட்ட ஓரிரு மணி நேரத்தில் இப்படி வீங்கினால் பெரும்பாலும் மூட்டுக்குள் ரத்தம் கசிகிறது என்று பொருள். வலி குறைந்துவிட்டதே என்று பனிக்கட்டி வைத்துவிட்டுச் சும்மா இருக்கவேண்டிய வீக்கம் இல்லை அது.

ஏசிஎல் என்பது தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் முட்டிக்குள் குறுக்காக இணைக்கும் தசைநார். கீழ்க்கால் எலும்பு முன்னால் நழுவாமலும் தேவைக்கு மேல் முறுகாமலும் அது பிடித்துவைக்கிறது. அது இல்லாமலும் நேராக நடக்கலாம், மாடிப்படி ஏறலாம். அதனால்தான் பலர் ஏமாந்துபோகிறார்கள். திடீரெனத் திரும்பும்போதும் குதித்து இறங்கும்போதும்தான் முட்டி கைவிடும். ஜிம்னாஸ்டிக்ஸில் அந்த இரண்டைத் தவிர வேறென்ன இருக்கிறது?

எங்கள் விளையாட்டின் மீது எனக்கு ஒரு கோபமும் உண்டு. இறங்கும்போது சிறிதாகக் கால் நகர்ந்தால் 0.1 புள்ளி போகும், பெரிய அடி வைத்தால் 0.3, விழுந்தால் முழுதாக 1.0. ஆகவே சிறு வயதிலிருந்தே ஆணி அடித்தாற்போல் நிற்கப் பழக்குகிறார்கள். முட்டியோ, மடங்கி, அதிர்ச்சியை இடுப்புக்கும் தொடைக்கும் பகிர்ந்து கொடுக்க விரும்பும் மூட்டு. சுழற்சி குறைந்துபோன ஒரு தருணத்தில் ஓர் அடி எடுத்து வைத்தால் தப்பிவிடலாம். பழகிய உடல் அந்த ஓர் அடியை வைக்க மறுக்கிறது.

முதலில் போன கிளினிக்கில் எக்ஸ்ரே எடுத்து, எலும்பு முறியவில்லை, சுளுக்குதான் என்று மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். எக்ஸ்ரேயில் எலும்பு தெரியும், தசைநார் தெரியாது. பாட்டி உடனே உருவிவிடும் ஒரு பெரியவரை வரவழைக்க ஏற்பாடு செய்துவிட்டார். "வீங்கின முட்டியில் யாரும் கை வைக்கக் கூடாது" என்று அம்மா வாசலிலேயே நின்று தடுத்தார். மாமியாரும் மருமகளும் இரண்டு நாட்கள் பேசிக்கொள்ளவில்லை. பிறகு பார்த்த விளையாட்டு மருத்துவர் என்னைப் படுக்கவைத்து, முட்டியை லேசாக மடக்கி, ஒரு கையால் தொடையைப் பிடித்துக்கொண்டு மறு கையால் கீழ்க்காலை முன்னால் இழுத்துப் பார்த்தார். நல்ல காலில் இழுப்பு சட்டென்று ஓர் இடத்தில் நின்றது. அடிபட்ட காலில் நிற்கவில்லை, வழுக்கிக்கொண்டு வந்தது. எம்ஆர்ஐ எடுப்பதற்கு முன்பே எனக்குப் புரிந்துவிட்டது. எம்ஆர்ஐ அதை உறுதி செய்ததோடு, பிறை வடிவக் குருத்தெலும்பிலும் ஒரு கிழிசலைக் காட்டியது.

அரசு மருத்துவமனையில் நாங்கள் கொடுக்கவேண்டிய தொகை மிகக் குறைவு, வரிசை மிக நீளம். தனியார் மருத்துவமனையில் சொன்ன தொகைக்கு ஒரு பழைய மைவி கார் வாங்கிவிடலாம். பெற்றோர் ஒன்று செய்யலாம்: பிள்ளையின் காப்புறுதியில் விளையாட்டுக் காயம் அடங்குமா, போட்டியில் பட்டது மட்டுமா பயிற்சியில் பட்டதும் சேர்த்தா என்று இன்றே எடுத்துப் படியுங்கள். எங்களுக்கு அடங்கியது.

அறுவை சிகிச்சைக்கு உடனே தேதி கிடைக்கும் என்று நினைத்தேன். கிடைக்கவில்லை, கொடுக்கவும் மாட்டேன் என்றார் நிபுணர். "முட்டி நேராக வேண்டும் முதலில். வீக்கம் வடிய வேண்டும். அதற்குப் பிறகு வா." வீங்கி விறைத்த முட்டியைத் திறந்தால், பின்னால் அது விறைத்தே போய்விடும் அபாயம் அதிகம். ஆகவே கத்தி படுவதற்கு முன்பே பிசியோதெரபி தொடங்கியது. குதிகாலுக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்து, முட்டியைக் கீழே அழுத்தித் தொடையை இறுக்க வேண்டும். பார்ப்பவர்களுக்கு நான் சும்மா படுத்திருப்பதுபோல் இருக்கும். எனக்கு நெற்றியில் வியர்வை துளிர்க்கும்.

புதிய தசைநார் நம் உடம்பிலிருந்தே எடுக்கப்படும் என்பது பாட்டிக்குப் பெரிய அதிர்ச்சி. தொடையின் பின்புறத் தசைநாணை, அதாவது தசையை எலும்போடு கட்டும் நாணை, எடுக்கலாம், முட்டிச் சில்லுக்குக் கீழே உள்ளதை இரு முனையிலும் எலும்புத் துண்டோடு எடுக்கலாம், முன்தொடையிலிருந்தும் எடுக்கலாம். ஒவ்வொன்றுக்கும் ஒரு விலை உண்டு. சில்லுக்குக் கீழே எடுத்தால் மண்டியிடும்போது பலருக்கு வலிக்கும். பின்தொடையில் எடுத்தால் காலை நீட்டிப் பிரிக்கும் அசைவுகள் சில காலம் தள்ளிப்போகும். வளர்ச்சி முடியாத பிள்ளைகளுக்கு எலும்பு நீண்டு வளரும் இடமான வளர்தட்டைக் காப்பாற்றும்படி துளையிடும் முறையையே மாற்றவேண்டியிருக்கும். இதைச் சிறு பிள்ளைகளின் பெற்றோர் கேட்டுத் தெரிந்துகொள்ளவேண்டும். எனக்கு வளர்தட்டு மூடியிருந்தது. பின்தொடையிலிருந்து எடுத்தார்கள், குருத்தெலும்பையும் தைத்தார்கள்.

தையல் போட்டதால் ஆறு வாரங்களுக்குக் காலை முழுதாக ஊன்றக் கூடாது, தொண்ணூறு பாகைக்கு மேல் மடக்கக் கூடாது என்று உத்தரவு. வலியைப் பற்றி எச்சரிக்காதவர்கள் இல்லை. தொடை சொன்ன பேச்சைக் கேட்காது என்பதைத்தான் யாரும் எச்சரிக்கவில்லை. காலைத் தூக்கு என்று மூளை சொல்கிறது, கால் அப்படியே கிடக்கிறது. மூட்டில் வீக்கம் இருக்கும்வரை நரம்பு மண்டலமே முன்தொடைத் தசையை அணைத்துவைக்கிறது என்று பிசியோ அக்கா விளக்கினார். அவர் ஈப்போக்காரர், நல்ல தமிழ் பேசுவார், இரக்கம் மட்டும் பேச மாட்டார். "அழுதுகொண்டே செய்யலாம்மா, செய்யாமல் அழக்கூடாது" என்பார். தொடை இளைத்த வேகத்தைப் பார்த்து அம்மா பக்கத்து அறையில் போய் அழுதார்.

வீட்டில் விரால் மீன் வைத்தியமும் தொடங்கியது. அறுவை சிகிச்சை செய்துகொண்டவருக்கு ஹாருவான் (விராலின் மலாய்ப் பெயர்) மீன் சூப் கொடுக்காத வீடு மலேசியாவில் எந்த இனத்திலும் இருக்காது என்று நினைக்கிறேன். பாட்டி அதில் மிளகும் பூண்டும் தட்டிப்போட்டு ரசமாக்கிவிட்டார். அதனால் என்ன ஆனதோ, புரதம் தேவை என்று பிசியோ அக்கா சொன்னதற்கு அது நன்றாகவே பொருந்தியது. உருவிவிடும் பெரியவரை அனுப்பிவிட்ட கோபமும் பாட்டிக்கு அந்தச் சட்டியோடு தணிந்தது.

மூன்று, நான்கு மாதம் ஆகும்போது வலி போய்விடுகிறது. என் கணக்கில் அதுதான் மிக ஆபத்தான காலம். உள்ளே வைத்த தசைநாண் முதலில் ரத்த ஓட்டம் இழந்து பலவீனமாகிறது, பிறகுதான் புதிய ரத்தக்குழாய்களும் நார்களும் வளர்ந்து மெல்ல மெல்லத் தசைநாராக மாறுகிறது. வெளியே சுகமாக உணரும்போது உள்ளே அது இன்னும் பாதி வேலையில் இருக்கிறது. அந்தச் சமயத்தில் தைப்பூசம் வந்தது. பத்துமலையின் 272 படிகளை ஏறிவிடலாம் என்று வீட்டில் எல்லோருக்கும் நம்பிக்கை. பிசியோ அக்கா, "ஏறுவது இருக்கட்டும், எப்படி இறங்குவாய்?" என்று கேட்டார். படி இறங்கும்போது முன்தொடை நீண்டுகொண்டே உடல் எடையைத் தாங்க வேண்டும். என் தொடைக்கு அது வரவில்லை, கூட்டத்தில் ஒருவர் இடித்தாலே போதும். கீழே நின்று கும்பிட்டேன்.

பினாங்கு மாமா இதே காலத்தில் வாட்ஸ்அப்பில் வீரக் கதைகள் அனுப்பிக்கொண்டிருந்தார். 1976 மொன்றியல் ஒலிம்பிக்கில் ஜப்பானின் ஷுன் ஃபுஜிமோட்டோ, முட்டி உடைந்த நிலையில் ரிங்ஸில், அதாவது தொங்கும் வளையங்களில், விளையாடி, உயரத்திலிருந்து குதித்து இறங்கி 9.7 புள்ளி வாங்கினார். ஜப்பான் குழுத் தங்கம் வென்றது. மாமா அதன் கீழே கைகூப்பும் படம் போட்டிருந்தார். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அந்த இறக்கம் அவருடைய முட்டியை மேலும் சிதைத்தது என்பதை அந்தச் செய்தி எழுதவில்லை. நான் பிடித்துக்கொண்டது பிரேசிலின் ரெபேகா ஆண்ட்ராடேயை. 2015, 2017, 2019 என்று மூன்று முறை ஏசிஎல் கிழிந்தவர், 2021இல் நடந்த தோக்கியோ ஒலிம்பிக்கில் ஓடிவந்து மேசையைத் தாண்டும் வால்ட்டில் தங்கம், 2024 பாரிஸில் ஃப்ளோரில் தங்கம். ஃப்ளோர்! எந்தக் களத்தில் எனக்கு முட்டி போனதோ அதே களம்.

2016இல் வெளியான ஒரு நார்வே–அமெரிக்க ஆய்வை நிபுணர் எனக்குக் காட்டினார். ஒன்பது மாதம்வரை, விளையாட்டுக்குத் திரும்புவதை ஒவ்வொரு மாதம் தள்ளிவைக்கும்போதும் மீண்டும் காயப்படும் வாய்ப்பு ஏறக்குறைய பாதியாகிறது. இதை மட்டும் எடுத்துக்கொண்டு ஒன்பது மாதம் சோபாவில் உட்கார்ந்துவிடுபவர்கள் இருக்கிறார்கள். அதே ஆய்வு, இரண்டு தொடைகளின் பலமும் ஒத்துவந்த பிறகு திரும்பியவர்களுக்குக் காயம் குறைவு என்றும் சொல்கிறது. ஆகவே இயந்திரத்தில் தொடை பலத்தை அளந்தார்கள், ஒற்றைக் காலில் தாண்டும் தூரத்தை அளந்தார்கள், பெட்டியிலிருந்து குதிக்கவைத்து முட்டி உள்நோக்கிச் சாய்கிறதா என்று படம்பிடித்துப் பார்த்தார்கள். நல்ல காலின் அளவில் தொண்ணூறு விழுக்காடாவது வர வேண்டும். தாண்டும் தூரத்தில் வந்துவிட்டேன், தொடை பலத்தில் வரவில்லை. வருடம் முடிந்தும் கோச்சுக்கு அனுமதிக் கடிதம் கிடைக்கவில்லை. அந்த வாரம் வீட்டில் நான் பேசிய பேச்சை எழுத முடியாது.

கம்பிகளில் தொங்கிச் சுழலும் பார்ஸுக்கு மட்டும் முன்னதாகவே விட்டார்கள். தொங்கும்போது முட்டிக்கு வேலையில்லை, கம்பியிலிருந்து பஞ்சுக் குழிக்குள் விழலாம். பிறகு பீமில் நடை, பிறகு மெத்தைமேல் மெத்தை போட்டு இறக்கம், கடைசியாகத்தான் ஃப்ளோர். கால் தயாரான பிறகும் தலை தயாராகவில்லை. காற்றில் சுழல ஆரம்பித்தவுடன் உடல் தானாகவே விரிந்துகொண்டது. அப்படி விரிந்தால் சுழற்சி குறையும், காயத்துக்கு அதுவே வழி. கோச் என்னைத் திட்டவில்லை. பல வாரங்களுக்குக் கரணமே இல்லாமல் குதித்து இறங்குவதை மட்டும் செய்யவைத்தார், இடுப்பையும் முட்டியையும் மடக்கி, சத்தம் வராமல்.

இப்போது பல்கலைக்கழகத்துக்காக பார்ஸிலும் பீமிலும் போட்டியிடுகிறேன். இறங்கும்போது தேவைப்பட்டால் ஓர் அடி வைக்கிறேன், 0.1 போனால் போகட்டும். 25 வயதுக்கு உட்பட்டவர்கள் மீண்டும் களத்துக்குப் போனால் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு அதே முட்டியோ மறு முட்டியோ கிழிகிறது. ஆகவே இரண்டு கால்களுக்கும் பயிற்சியைத் தொடர்கிறேன். யாராவது ஓர் அம்மா தொலைபேசியில் அழைத்து, எந்த நிபுணர், எவ்வளவு செலவு, எத்தனை மாதம் என்று வரிசையாகக் கேட்டால், பிள்ளையைத் தரையில் படுக்கவைத்து முட்டிக்கு அடியில் கை நுழைகிறதா என்று பார்க்கச் சொல்கிறேன். நுழைந்தால் காலை நேராக்கும் வேலையை பிசியோவிடம் அன்றைக்கே தொடங்கலாம். மற்ற கேள்விகளுக்கு நிபுணரைப் பார்க்கும்வரை நேரம் இருக்கிறது.