ஆதாமின் இடுப்பில் ஊக்கு

ஃபுளோரன்ஸ் நகரில், ஆர்னோ ஆற்றின் தென்கரையில் நாங்கள் தங்கிய வீட்டில் எல்லாம் சௌகரியம்தான். சோபாவில் கிடந்த குஷன்தான் வில்லங்கம். அதில் ஆதாமும் ஏவாளும் அழுதுகொண்டிருந்தார்கள்.

இத்தாலிய ஓவியர் மசாச்சோ 1420களில் வரைந்த சுவரோவியம் அது. ஏதேன் தோட்டத்திலிருந்து இருவரும் துரத்தப்படும் காட்சி. அசல் ஓவியம் ஒடுங்கி உயர்ந்தது, குஷனோ சதுரம். எனவே வாளோடு மேலே நிற்கும் வானதூதரைக் கத்தரித்துவிட்டார்கள். துரத்துபவர் போய்விட்டதால், ஓட்டல் பில்லைப் பார்த்துவிட்டு வெளியே வரும் தம்பதியைப் போல இருவரும் தெரிந்தார்கள். சாப்பிட்டுவிட்டுச் சாய்ந்துகொள்ள இதைவிடப் பொருத்தமில்லாத படம் தேடினாலும் கிடைக்காது.

ஆதாம் இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டிருக்கிறார். மற்றதை மறைக்கக் கை மிச்சமில்லை. வீட்டுக்காரப் பாட்டி அந்தக் குறையைத் தீர்த்திருந்தார்: இடுப்பில் குரோஷா பின்னல் ஒன்று, நான்கு முனைகளிலும் ஊக்கு.

என் கணவருக்குக் கலை முக்கியமில்லை, மெத்தென்று இருந்தால் போதும். அழுகிற ஏவாளின் திறந்த வாய்க்குப் பக்கத்தில் தன் வாயையும் திறந்து குறட்டை விட்டவர், "ஐயோ!" என்று துள்ளி எழுந்தார். ஊக்கு ஒன்றும் வாயைத் திறந்திருந்தது.

"அவர்கள் பழம் தின்றதற்கு என்னைக் குத்துவானேன்?"

"வாருங்கள், அசலையே பார்த்துவிடலாம்" என்று சாந்தா மரியா தெல் கார்மினே தேவாலயத்துக்கு அழைத்துப்போனேன். பக்கத்தில்தான் இருந்தது. அங்கே பிரான்காச்சி சிற்றாலயத்தின் சுவரில் ஆதாம் வெறும் உடம்போடு நிற்கிறார். 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் யாருக்கோ கூச்சம் வந்து, இருவருக்கும் இலை வரைந்து மறைத்தார்களாம். 1980களில் ஓவியத்தைச் சுத்தம் செய்தபோது அவற்றை நீக்கிவிட்டார்கள். மசாச்சோவின் வண்ணம் ஈரச் சுண்ணாம்போடு சேர்ந்து இறுகியது. இலைகள் பிற்பாடு காய்ந்த சுவரின் மேல் ஒட்டிக்கொண்டவை. ஆகவே ஆதாமுக்குச் சேதமில்லாமல் உதிர்ந்தன.

"இலை குத்தாது" என்றார் கணவர், கன்னத்தைத் தடவியபடி. அவ்வளவு பெரிய ஓவியத்துக்கு முன் நின்று அவர் சொன்ன ஒரே விமர்சனம் அது.

மாலையில் படுக்கை விரிப்பு மாற்ற வந்த பாட்டியிடம், எங்களுக்கு இத்தாலிய மொழி தெரியாததால், கணவர் ஆதாமைக் காட்டினார், பின்னலைக் காட்டினார், தன் கன்னத்தைக் காட்டினார். பாட்டி வெகுநேரம் தலையாட்டினார். புரிந்துவிட்டது என்று நிம்மதியடைந்தோம்.

மறுநாள் வந்து பார்த்தால், ஏவாளுக்கும் ஒரு பின்னல். அதற்கு ஆறு ஊக்குகள்.