பாட்டியின் கையெழுத்து செல்லாது என்றார்கள்

மூன்றாவது முறையும் கோப்பு திரும்பி வந்தது. ஐந்தாம், ஆறாம் ஆண்டுப் பிள்ளைகள் 38 பேர், ஆசிரியர்கள் 5 பேர், இரண்டு இரவு முகாம். இதற்கான அனுமதிக்காக மாவட்டக் கல்வி அலுவலகத்துக்கு நான் போய் வந்த தூரத்தைச் சேர்த்துப் பார்த்தால் இருநூறு கிலோமீட்டரைத் தாண்டும். முதல் முறை, பேருந்து ஓட்டுநரின் உரிம நகல் இல்லை. அதைக் கொண்டு போனால், மாற்று ஓட்டுநரின் நகல் எங்கே என்றார்கள். இரண்டையும் முதல் நாளே சொல்லியிருக்கலாம். மூன்றாம் முறை, முகப்பில் இருந்த கிராணி (எழுத்தர்) பெற்றோர் அனுமதிப் பாரங்களை, அதாவது படிவங்களை, புரட்டிப் புரட்டி ஒன்றை உருவி வெளியே வைத்தார். "இது பாட்டி கையெழுத்து. அப்பா, அம்மா அல்லது சட்டப்படியான பாதுகாவலர்தான் போடணும்."

அவர் சொன்னது விதி. அதில் தவறில்லை. ஆனால் எங்கள் ஊர் நிலவரம் அந்த விதிக்குத் தெரியாது. மலேசியாவின் பேராக் மாநிலத்தில் செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கிற சின்ன ஊர் இது. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, தோட்ட வேலையும் பெரும்பாலும் வெளிநாட்டுத் தொழிலாளர்கள் கைக்குப் போய்விட்டது. நம் இளம் பெற்றோர் பலர் ஜொகூர் பாருவில் வாடகை அறை எடுத்துத் தங்கி, விடியுமுன் பாலம் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறார்கள். பிள்ளைகள் தாத்தா பாட்டியிடம் வளர்கிறார்கள். என் பட்டியலில் மட்டும் அப்படி நான்கு பேர்.

அன்று மாலை அந்தப் பிள்ளையின் அம்மாவை அழைத்தேன். பாரத்தை அஞ்சலில் அனுப்புகிறேன், கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்புங்கள் என்று சொல்லத்தான் அழைத்தேன். அவர் சரி சரி என்று கேட்டுவிட்டு, "டீச்சர், அவளுக்கு இழுப்பு இருக்குன்னு அம்மா எழுதியிருக்காங்கதானே?" என்றார். இழுப்பு என்றால் ஆஸ்துமா.

பாரத்தை எடுத்துப் பார்த்தேன். நோய் விவரம் கேட்ட இடத்தில் 'தியாடா' என்று அழகான எழுத்தில் இருந்தது. மலாயில் 'இல்லை' என்று.

மறுநாள் பள்ளி முடிந்து, பாட்டி குடியிருக்கும் தோட்ட லயத்துக்கு (தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு) போனேன். பாட்டிக்கு மலாய் படிக்க வராது. பக்கத்து வீட்டுப் பையன்தான் பாரத்தை நிரப்பியிருக்கிறான். அவனிடம் சொல்லியிருக்கலாமே பாட்டி என்று கேட்டேன். கொஞ்ச நேரம் முந்தானையைத் திருகிக்கொண்டே இருந்துவிட்டுச் சொன்னார்: "சொன்னா கூட்டிக்கிட்டுப் போக மாட்டீங்கன்னு பயந்துட்டேன் டீச்சர். பிள்ள ஒரு மாசமா பேக்க அடுக்கி அடுக்கி வைக்குது."

எனக்கு உள்ளுக்குள் நடுங்கிவிட்டது. 38 பாரங்களையும் மறுபடி பார்த்தேன். 38லும் 'தியாடா'. இத்தனை பிள்ளைகளில் ஒருவருக்குக்கூட ஒன்றும் இல்லை என்பதை நான் எப்படி நம்பினேன்? அலுவலகத்தில் ஒவ்வொரு தாளையும் சரிபார்த்த யாருமே இதைக் கேட்கவில்லை. பாரத்தில் அந்தக் கட்டம் காலியாக இல்லை, அது போதும்.

அன்றிரவே தமிழில் ஒரு பக்கப் பாரம் எழுதினேன். உங்கள் பள்ளியில் முகாம் நடத்தப்போகிறீர்கள் என்றால் தயவுசெய்து இதையாவது செய்யுங்கள். 'நோய் உண்டா' என்று கேட்காதீர்கள். கடந்த ஒரு வருடத்தில் மூச்சு வாங்கி கிளினிக்குக்குப் போனதுண்டா? சின்ன வயதில் காய்ச்சலிலோ வேறு நேரத்திலோ வலிப்பு வந்ததுண்டா? என்ன சாப்பிட்டால் உடம்பு தடிக்கும்? குளவி, தேனீ கொட்டி வீங்கியதுண்டா? தினமும் என்ன மருந்து, யார் கொடுப்பது? இரவில் எழுந்து நடப்பானா? இப்படிக் கேட்டேன். எல்லாவற்றுக்கும் மேலே பெரிய எழுத்தில், 'இதை எழுதுவதால் பிள்ளையை விட்டுவிட்டுப் போக மாட்டோம்' என்று போட்டேன். எழுதச் சிரமப்படுகிறவர்களிடம் நானும் இன்னொரு ஆசிரியையும் நேரில் போய்க் கேட்டு எழுதிக்கொண்டோம். ஆறு பிள்ளைகளின் விவரம் வெளியே வந்தது. இழுப்பு இருவருக்கு, வலிப்பு வந்த பிள்ளை ஒன்று, இறால் ஒவ்வாத இருவர், குளவி கொட்டி மருத்துவமனையில் படுத்த பையன் ஒருவன்.

அம்மாவின் கையெழுத்து ஜொகூரிலிருந்து வந்து சேர ஒன்பது நாள் ஆனது. மற்ற மூன்று பிள்ளைகளுக்கும் அதே கதை. ஆகவே, எந்தப் பிள்ளையின் பெற்றோர் வெளியூரில் இருக்கிறார்கள் என்று முதலில் பிரித்து, அந்தப் பாரங்களை எல்லாவற்றுக்கும் முன்னால் அனுப்பிவிடுங்கள். அலுவலகத்துக்கு முதல் தடவை போகும்போதே முழுப் பட்டியலையும் கேட்டு, முகப்பில் இருப்பவரை வைத்தே ஒவ்வொன்றாகச் சரி போடச் சொல்லுங்கள். நான்காம் முறை நான் அதைத்தான் செய்தேன். அனுமதி வந்தது.

முகாம் இடத்தை மாற்றியதும் ஒரு பெரிய சண்டை. முதலில் முன்பணம் 500 ரிங்கிட் கட்டியிருந்த இடத்தில், முகாம் நடத்த ஊராட்சி மன்ற உரிமம் உண்டா என்று கேட்டேன். பொறுப்பாளர் பேச்சை மாற்றினார். 2022 டிசம்பர் 16ஆம் தேதி சிலாங்கூரின் பத்தாங் காலியில் ஒரு முகாம் இடத்தில் மண் சரிந்து, கூடாரங்களில் தூங்கிக்கொண்டிருந்தவர்களில் 31 பேர் இறந்தார்கள். முகாமுக்கென்று உரிமம் வாங்காத இடம் அது என்று பிறகுதான் எல்லாருக்கும் தெரிந்தது. நாங்கள் முன்பணம் கட்டிய இடத்திலும் கூடாரம் போடக் காட்டிய தரைக்கு நேர் மேலே செங்குத்தாக வெட்டிய மண்மேடு. ஆற்றுக்குக் குறுக்கே ஒரு தொங்கு பாலமும் இருந்தது. ஒரே நேரத்தில் எத்தனை பேர் ஏறலாம் என்று கேட்டேன். "எல்லாரும்தான் போறாங்க" என்றார்.

பேராக்கில் தமிழ்ப்பள்ளி ஆசிரியராக இருக்கிற எவருக்கும் அந்தப் பதில் போதாது. 2009 அக்டோபர் 26ஆம் தேதி இரவு, கம்பார் பக்கம் கோலா டிப்பாங்கில், பள்ளி முகாமுக்கு வந்த பிள்ளைகள் ஏறியபோது புதிதாகக் கட்டிய தொங்கு பாலம் அறுந்து விழுந்தது. ஆற்றோடு போன மூன்று சிறுமிகளும் தமிழ்ப்பள்ளி மாணவிகள். அப்போது நான் பயிற்சிக் கல்லூரியில் இருந்தேன். மறக்க முடியவில்லை. முன்பணம் திரும்பக் கிடைக்காது என்று தலைமையாசிரியருக்கு வருத்தம். பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் எனக்கு நல்ல பேச்சு விழுந்தது. இருந்தாலும் இடத்தை மாற்றினோம்.

தாப்பா மலையடிவாரத்தில் கிடைத்த இரண்டாவது இடத்துக்கு முன்கூட்டியே போய் ஒரு முழு நாள் இருந்தேன். ஆற்றங்கரையில் கைப்பேசி அலைவரிசை கிடையாது, சமையல் கொட்டகைக்கு வந்தால்தான் 999ஐ அழைக்க முடியும். இதைப் படத்தில் கண்டுபிடிக்க முடியாது. அரசாங்க கிளினிக்குக்குக் காரில் 22 நிமிடம். அங்கே வேலை செய்த ஓராங் அஸ்லி (பழங்குடி) பெரியவர் ஒரு பாறையில் படிந்திருந்த கறையைக் காட்டி, தலைவெள்ளம் வந்தால் அதுவரை ஏறும் என்றார். என் தோளுக்கு மேலே இருந்தது. இங்கே வெயில் அடிக்கும்போதே மேலே மலையில் மழை பெய்யும். தண்ணீர் திடீரென்று கலங்கி, இலையும் குச்சியும் மிதந்து வந்தால் பிள்ளைகளைக் கணக்கெடுக்கக்கூட நிற்காமல் கரையேற்று, மேட்டுக்குப் போன பிறகு எண்ணிக்கொள் என்றார். பிற்பகல் மழைதான் நம் மழை. அதனால் ஆற்று விளையாட்டைக் காலை 11 மணிக்குள் முடிப்பது என்று அட்டவணையையே மாற்றினோம். வலிப்பு வந்த பிள்ளைக்குப் பக்கத்தில், கை எட்டும் தூரத்தில் ஓர் ஆசிரியர் என்றும் எழுதிவைத்தோம்.

புறப்படும் நாள். காலை ஆறரை மணி. பள்ளி வாசலில் பேருந்து வந்து நின்றது. கோப்பில் இருந்த எண் ஒன்று, வந்த பேருந்தின் எண் வேறு. ஓட்டுநரும் வேறு. உள்ளே ஏறிப் பார்த்தால் பல இருக்கைகளில் இருக்கைவார் உறைக்கு அடியில் புதைந்து கிடக்கிறது, சிலவற்றில் கொக்கியே இல்லை. இரண்டு மாதத்துக்கு முன்னால், ஜூன் 9ஆம் தேதிதான் கிரிக் நெடுஞ்சாலையில் பேருந்து கவிழ்ந்து 15 பல்கலைக்கழக மாணவர்கள் இறந்திருந்தார்கள். 2025 ஜூலை முதல் தேதியிலிருந்து சுற்றுலாப் பேருந்துகளில் இருக்கைவார் கட்டாயம். ஆனால் 2020 ஜனவரி முதல் தயாரான பேருந்துகளுக்குத்தான் அந்த விதி என்பதால், பேசும்போதே எந்த வருடத்துப் பேருந்து என்று கேட்டு அதை ஒப்பந்தத்தில் எழுத வைத்திருந்தேன்.

பிள்ளைகளை ஏற்றவில்லை. ஓட்டுநர் நேரமாகிறது என்றார். பெற்றோர் சிலர், "டீச்சர், ஒன்றரை மணி நேரப் பயணம்தானே, ஏத்திடுங்க" என்றார்கள். நிறுவனத்தை அழைத்து, கோப்பில் உள்ள பேருந்து வராவிட்டால் முகாம் ரத்து, பணத்தைத் திருப்பித் தாருங்கள் என்றேன். ஒரு மணி நாற்பது நிமிடம் பள்ளி மண்டபத்தில் உட்கார்ந்திருந்தோம். சரியான பேருந்து வந்தது. பதிவு எண்ணையும் இரண்டு ஓட்டுநர்களின் உரிமத்தையும் சரிபார்த்து, 38 கொக்கிகளையும் நானே இழுத்துப் பார்த்த பிறகுதான் கிளம்பினோம்.

முகாம் நன்றாக நடந்தது. இரண்டாம் இரவு தீமூட்டலின்போது காற்று திரும்பி, புகை எங்கள் பக்கம் வந்தது. பாட்டி வளர்க்கும் அந்தப் பிள்ளை இருமத் தொடங்கினாள். தோள் ஏறி ஏறி இறங்கியது. மருந்து அவள் பையின் அடியில் இல்லை, என் இடுப்புப் பையில் இருந்தது. எப்படிக் கொடுக்க வேண்டும் என்று கிளினிக்கில் எழுதி வாங்கிய தாளும் கூடவே இருந்தது. புகைக்கு வெளியே கொண்டுபோய் உட்கார வைத்து, தாளில் இருந்தபடி கொடுத்தோம். ஓர் ஆசிரியர் காரைத் திருப்பித் தயாராக நிறுத்தினார். கால் மணி நேரத்தில் மூச்சு சீரானது. விடியும்வரை ஆள் மாற்றி ஆள் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம்.

தாத்தா பாட்டி வளர்க்கும் பிள்ளைகளுக்கு வேறு வழி சொல்லுங்கள் என்று அலுவலகத்துக்குக் கடிதம் எழுதினேன். பதில் இல்லை. அவள் இப்போது ஆறாம் ஆண்டு. பள்ளி திறந்த முதல் வாரத்திலேயே அவள் அம்மாவுக்கு இந்த ஆண்டுப் பாரத்தை ஜொகூருக்கு அனுப்பிவிட்டேன். தமிழ்ப் பாரத்தைப் பாட்டியே நிரப்பிக் கொண்டுவந்து கொடுத்தார். இழுப்பு என்று முதல் வரியிலேயே எழுதியிருந்தார்.