உயிருள்ள கலங்களைப் பின்தொடர எந்தச் சாயம்?

திருகோணமலையிலிருந்து பட்டமேற்படிப்புக்குச் சென்றிருக்கும் தம்பி, தங்கைமார், கலத்தினுள் ஏற்றி ஒளியூட்டினால் தானும் ஒளிரும் ஒளிர்சாயம் பற்றிக் கேட்கும்போது பெரும்பாலும் நிறத்திலிருந்தே தொடங்குகிறார்கள். நிறம் கடைசியாகப் பார்க்க வேண்டியது. கலத்தை எத்தனை நாள் பின்தொடரப் போகிறோம், அதற்குள் அது பிரிவடையுமா என்பவற்றை முதலில் தீர்மானித்தால் பாதிச் சாயங்கள் தாமாகவே கழிந்துவிடும்.

சில மணி நேரம் மட்டும் பார்ப்பதற்குக் கல்சீன் ஏ.எம். என்னும் சாயம் போதும். உயிருள்ள கலத்தின் நொதியங்கள் வெட்டிய பின்னரே அது பச்சையாக ஒளிரும்; ஆனால் எதனோடும் பிணையாததால் மெல்லக் கசிந்து வெளியேறிவிடும். சி.எப்.எஸ்.ஈ. என்னும் சாயம் அப்படியன்று. அது கலத்தினுள்ளே புரதங்களின் அமீன் கூட்டங்களோடு உறுதியாகப் பிணைந்து, ஒவ்வொரு பிரிவிலும் மகட்கலங்களுக்குப் பாதி பாதியாகப் பகிரப்படுவதால், ஏழெட்டுத் தலைமுறைகள் வரை ஒளிர்வின் படிகளைக் கொண்டே எண்ணிவிடலாம். இதற்குத் தொடக்கத்தில் எல்லாக் கலங்களும் ஒரே அளவு சாயம் ஏற்றிருக்க வேண்டும். அடியில் படிந்து கிடக்கும் கலங்களின் மேல் சாயத் துளியை விட்டுவிட்டு ஆறுதலாகக் கலக்கினால் மேலுள்ளவை கூடுதலாக உறிஞ்சிக்கொள்ளும். பிறகு தலைமுறைகளைப் பிரித்தறிய முடியாது. செறிவையும் 5 மைக்ரோமோலாருக்கு மேல் கொண்டுபோவதை நான் விரும்புவதில்லை. படம் பளிச்சென்று வரும், கலம் சோர்ந்துபோகும். வேகமாகப் பிரியும் கலங்களை வாரக்கணக்கில் தொடர வேண்டுமெனில், நீர்த்துப்போகும் சாயத்தை நம்பாமல் பச்சை ஒளிர்புரதத்தின் மரபணுவைச் செலுத்துவதே முறை.

பி.கே.எச்.26, டி.ஐ.ஐ. போன்ற சாயங்கள் கலத்தின் மென்சவ்வின் கொழுப்பில் படிந்து நெடுநாள் நிற்கும். எனினும் இறந்த கலத்தின் சிதைவுகளை அயற்கலம் விழுங்கினால் அதுவும் சாயமேற்றப்பட்டது போலத் தோன்றும் என்பதால், உடலுக்குள் செலுத்திய கலங்களைத் தேடும்போது இவற்றை மட்டும் சாட்சியாகக் கொள்ளக்கூடாது. கருவைக் காட்டும் ஹெக்ஸ்ட் 33342க்குப் புறஊதா ஒளி தேவை. நீண்ட நேரப் படப்பிடிப்பில் அந்த ஒளியே கலத்தைக் கெடுத்துவிடும்.

நம்முடைய கொட்டியாரக் குடாவின் நுண் அல்காக்களை ஆராய விரும்புவோருக்கு நிறம் உண்மையிலேயே ஒரு சிக்கல். அவற்றின் பச்சையம் தானாகவே 680 நானோமீற்றர் அளவில் சிவப்பாக ஒளிர்வதால், அதே பகுதியில் ஒளிரும் சாயத்தை ஏற்றினால் எது சாயம், எது அல்கா என்றே தெரியாது. பச்சையாக ஒளிரும் சி.எம்.எப்.டி.ஏ.யை ஏற்றி, அல்காக்களைத் தின்னும் நுண்ணுயிர்களுக்குக் கொடுத்தால், அவற்றின் உடலினுள்ளே பச்சைப் புள்ளிகளாக இரை தெரியும். எதுவாயினும் சாயமேற்றாத மாதிரியொன்றை அருகில் வைத்து, முதலில் அதையே நுணுக்குக்காட்டியில் பார்க்க வேண்டும்.

கடற்காற்றின் ஈரப்பதன் மிகுந்த நம் ஊரில் இன்னொரு கவனமும் தேவை. உறைபெட்டியிலிருந்து எடுத்த குப்பியைக் குளிர் முற்றாக நீங்கும் முன் திறந்தால் உள்ளே நீர் ஒடுங்கும், சி.எப்.எஸ்.ஈ. நீர்பட்டால் பிணையும் திறனை இழக்கும். ஆகவே ஒரு தடவைக்குப் போதுமான அளவுகளாகச் சிறு குழாய்களில் பிரித்து, ஒளிபடாமல் தாள் சுற்றி, உலர்த்திப் பொருளோடு உறைநிலையில் வைப்பது நல்லது.