ராத்திரி ரவுண்ட்ஸ் போற ஒத்த ஆளு

அமெரிக்காவுல டெக்சாஸ் மாநிலத்துல லவிங் கவுன்ட்டின்னு ஒண்ணு இருக்கு, கவுன்ட்டின்னா நம்ம மாவட்டம் மாதிரி. 2020 சென்சஸ்ல அங்க இருந்த மொத்த ஜனமே 64 பேர்தான். ஆனா பரப்பளவு கிட்டத்தட்ட 1,750 சதுர கிலோமீட்டர், நம்ம சென்னை மாநகராட்சி மொத்தமும் சேர்த்தே 426தான், அப்போ நாலு சென்னை அதுக்குள்ள அடங்கிடும்.

இதையும் அங்க தனியா ஒரு போலீஸ் இருக்குன்னும் அப்பாகிட்ட சொன்னதும் அவர் கேட்டது, "64 பேருக்கு எதுக்கு பாப்பா ஒரு ஸ்டேஷனு?"

கேக்க வேண்டிய கேள்விதான். ஆனா அந்த இடம் பெர்மியன் பேசின்னு சொல்ற எண்ணெய் வயலுக்குள்ள இருக்கு, குடியிருக்கிறவங்கள விட வேலைக்கு வந்து போறவங்க கூட்டம் பல மடங்கு, ராத்திரி பகல்னு இல்லாம டேங்கர் லாரி ஓடிட்டே இருக்கும். அடிபட்டு கிடந்தாலும் சரி, பைப்பு திருடினாலும் சரி, குடிச்சிட்டு வண்டி ஓட்டினாலும் சரி, முதல்ல வந்து நிக்க வேண்டியது அந்த கவுன்ட்டி ஷெரிஃபும் அவர் கீழ வேலை பாக்குற டெபுட்டிங்களும்தான். ஷெரிஃப்ங்கறவரு அங்க ஓட்டு வாங்கி ஜெயிச்சு வர்றவர், டெபுட்டி அவர் நியமிக்கிற ஆளு.

அப்பா செங்கல்பட்டு பக்கம் கிராம ஸ்டேஷன்கள்லயே ரொம்ப காலம் ஏட்டா இருந்து எஸ்.எஸ்.ஐ.யா, அதாவது சிறப்பு எஸ்.ஐ.யா, ரிட்டயர் ஆனவர், இப்போ மடிப்பாக்கத்துல எங்களோட இருக்கார். ராத்திரி அவருக்கு தூக்கமே புடிக்காது, அத்தனை வருஷம் நைட் டூட்டி பாத்த உடம்பு. அதனால ரெண்டு பேரும் யூடியூப்ல அந்த டெபுட்டிங்க சட்டையில மாட்டியிருக்கிற கேமரா வீடியோவா பாத்துட்டு இருப்போம். எனக்கு தெரியுறது ஒரு ரோடு, ஒரு கார், ஒரு போலீஸ்காரர், அவ்ளோதான். அவருக்கு தெரியுறது வேற.

ஒரு வீடியோல டெபுட்டி ஒரு காரை நிறுத்துறார், அப்பா உடனே பாஸ் பண்ண சொன்னார். "பாத்தியா, இறங்குறதுக்கு முன்னாடியே வயர்லெஸ் மைக்ல வண்டி நம்பரும் இடமும் சொல்லிட்டான். நாளைக்கு இவன் பேசலைன்னா எங்க வந்து தேடணும்னு கண்ட்ரோலுக்கு தெரியும்." அப்புறம் அந்த டெபுட்டி தன் காரை முன்னாடி வண்டிக்கு நேரா நிறுத்தாம கொஞ்சம் ரோட்டுப்பக்கமா தள்ளி நிறுத்தியிருந்தார், பின்னாடி வர்ற லாரி அடிச்சாலும் நடந்து போற ஆளு மேல வராம இருக்கறதுக்கு. நடந்து போனவர் டிரைவர் கதவுக்கு நேரா போய் நிக்கல, கதவுக்கு பின்னாடி இருக்கிற தூணோட நின்னுக்கிட்டு குனிஞ்சு பேசுறார். உள்ள இருக்கறவன் எதையாவது எடுக்கணும்னா உடம்பை முழுசா திருப்பணும், அந்த ஒரு செகண்டு இவருக்கு கிடைக்கும். அப்பா இதை சொல்லும்போது எழுந்து நின்னு ஹால்ல சோஃபா பக்கத்துல நடந்தே காட்டினார். எங்க ஆளுங்களுக்கும் டார்ச்ச எந்த கையில புடிக்கணும்னு சொல்லிக் கொடுத்திருக்கேன்னார், இடது கையில, உடம்புல இருந்து தள்ளி.

கிராமத்து கவுன்ட்டில ஒரு ஷிஃப்டுக்கு ஒரு ஆளோ ரெண்டு ஆளோதான் இருப்பாங்க, உதவிக்கு அடுத்த வண்டி வர அரை மணி நேரம் கூட ஆகலாம், சில பள்ளத்துல ரேடியோவே எடுக்காது. அந்த அரை மணி நேரத்தை வாயாலயே ஓட்டணும். திருடனை துரத்துறது கொஞ்சம்தான், மிச்சமெல்லாம் கோர்ட் சம்மன் கொண்டு போய் கொடுக்கிறது, கைதிய கோர்ட்டுக்கு கூட்டிட்டு போறது, ரோட்ல நிக்கிற மாட்டை விரட்டுறது, தனியா இருக்கிற கிழவி ரெண்டு நாளா போன் எடுக்கலைன்னு மக சொன்னா போய் கதவ தட்டிப் பாக்குறது. அப்பாவுக்கு இதுல ஆச்சரியமே இல்ல, "எல்லாம் நாங்க பண்ணதுதான், எங்களுக்கு கூடவே திருவிழா பந்தோபஸ்து."

அவர் ரவுண்ட்ஸ் போற ஊருல பேங்க் வாசல்ல, கோயில்ல, ரைஸ் மில்லுல நோட்டு மாட்டியிருக்கும், போய் நேரம் போட்டு கையெழுத்து போடணும். அந்த நோட்டை விட முக்கியம் அங்க நிக்கிற வாட்ச்மேன்கிட்ட அஞ்சு நிமிஷம் பேசுறதுதான்னு சொல்வார். புதுசா எந்த வண்டி வந்துச்சு, யாரு வீட்ல சண்டை, எவன் ஜாமீன்ல வந்திருக்கான், எல்லாம் அந்த அஞ்சு நிமிஷத்துலதான். டெபுட்டிங்க பெட்ரோல் பங்க்ல காபி வாங்கிட்டு கேஷியர்கிட்ட பேசிட்டு நிக்கறதை பாத்து வெட்டியா நிக்கிறாங்கன்னு கமெண்ட் போடுறாங்க. எனக்கு அதைப் பாத்தா கோபம் வருது. அது வேலைதாங்க.

போலீஸ் ரொம்ப பயப்படுற போன் கால் எதுப்பான்னு கேட்டேன். யோசிக்கவே இல்ல, "குடும்பச் சண்டை. அதுவும் குடிச்சிருந்தா." அடிச்சிக்கிட்டவங்களே ஒண்ணு சேந்து போலீஸ் மேல திரும்பிடுவாங்க. அமெரிக்காவுலயும் இதே பயம்தான், முடிஞ்சவரைக்கும் ரெண்டாவது வண்டி வர்ற வரைக்கும் தள்ளி நின்னு காத்திருப்பாங்க. இங்க 2025 ஆகஸ்ட்ல திருப்பூர் மாவட்டம் குடிமங்கலம் பக்கத்துல ஒரு தோட்டத்துல அப்பன் மகன் சண்டைன்னு போன எஸ்.எஸ்.ஐ. சண்முகவேல வெட்டிக் கொன்னாங்க. அந்த செய்தி வந்த அன்னைக்கு அப்பா சாப்பிடவே இல்ல.

அதுக்கும் முன்னாடி 2021 நவம்பர்ல நவல்பட்டு ஸ்டேஷன் எஸ்.எஸ்.ஐ. பூமிநாதன். ராத்திரி ரவுண்ட்ஸ்ல ஆடு திருடிட்டு போறவங்கள பாத்துட்டு பைக்லயே தனியா துரத்தி, திருச்சி மாவட்ட எல்லைய தாண்டி புதுக்கோட்டைக்குள்ள போய் மடக்கிட்டார், கூட ஆள் வந்து சேர்றதுக்குள்ள வெட்டிட்டாங்க. ஆட்டுக்கா உயிர விடணும்னு அப்போ நிறைய பேர் கேட்டாங்க. ஆடு வளக்குற வீட்ல அது பொண்ணு கல்யாணத்துக்கும் புள்ள பீஸுக்கும் வச்சிருக்கிற பணம், அது தெரிஞ்ச ஆளுதான் துரத்துவார். அதுக்கப்புறம் அப்போ டி.ஜி.பி.யா இருந்த சைலேந்திர பாபு, ரோந்து போறவங்க துப்பாக்கி எடுத்துட்டு போகணும்னு சொன்னார்.

துப்பாக்கி சரி. ஆனா அம்பது வயசு தாண்டின ஒரு மனுஷன இருட்டுல ஒத்தையா பைக்ல அனுப்பிட்டு இடுப்புல துப்பாக்கி வச்சா போதுமா? ஒரு டெபுட்டி தனியா போனாலும் அவருக்குன்னு ஒரு கார் இருக்கு, மைக்கோட அந்தப் பக்கம் அவர் எங்க நிக்கிறார்னு பாத்துட்டே இருக்க ஒரு ஆள் இருக்காங்க, கொஞ்ச நேரம் சத்தம் இல்லைன்னா அவங்களே கூப்பிட்டு கேப்பாங்க. நம்ம கிராம ஸ்டேஷன்ல நைட்டு பாராவுக்கு, அதாவது ஸ்டேஷன் காவலுக்கு, ஒருத்தர் உக்காந்தா வெளிய போக மிச்சம் எத்தனை பேர்னு அப்பாவ கேட்டா விரல் விட்டே சொல்லிடுவார். ரவுண்ட்ஸ்க்கு கண்டிப்பா ரெண்டு பேரு, நாலு சக்கர வண்டி, பக்கத்து ஸ்டேஷன் எல்லைக்குள்ள போனாலும் எடுக்குற மைக்கு, இவ்வளவும் வேணும். ஆள் எடுக்காம இது நடக்காது, அதனால காலியா இருக்கிற கான்ஸ்டபிள் இடத்தையெல்லாம் முதல்ல கிராம ஸ்டேஷனுக்கு போடுங்க, சிட்டிக்கு அப்புறம் பாத்துக்கலாம். சிட்டியில உக்காந்துக்கிட்டுதான் இதை சொல்றேன்.