தேசிக்காய் காப்பாற்றிய நீலம்

மூன்று கிழமையாக வெளுத்து வெளுத்து என்னை நோகடித்த சயனோடைப் (மருந்து பூசிய தாளில் வெயிலால் பதிக்கும் நீலப் படம்), நேற்றுப் பின்னேரம் கொடியில் காய்ந்தபோது நீலமாகவே நின்றது. வேப்பிலை விளிம்பின் பற்கள்கூட ஒவ்வொன்றாகத் தெரிகின்றன. சந்தோசம் தாங்காமல் உடனே எழுதுகிறேன்.

ஆடியில் கலியாணவீடு கிடையாது. கிளிநொச்சிப் பக்கம் படம் எடுக்கிறவர்களுக்கு அந்த மாதம் கமராவுக்கும் ஓய்வுதான். அதனால்தான் இதில் இறங்கினேன். மூத்தவனுக்கு ஏழு வயது, சின்னவளுக்கு ஐந்து. படம் என்றால் அமத்தியவுடன் பின்பக்கத் திரையில் தெரிவது என்று நினைத்து வளர்ந்தவர்கள். கமரா இல்லாமல் வெயிலிலேயே படம் எடுக்கலாம் என்று சொன்ன நாளிலிருந்து கேள்விக்கு முடிவில்லை. நிலவு வெளிச்சத்தில் வருமா? நாய் அசையாமல் படுத்தால் அதற்கும் வருமா? இதைக் கண்டுபிடித்த ஆளுக்குப் பிள்ளைகள் இருந்தார்களா? கடைசிக் கேள்விக்கு மட்டும் உடனே பதில் இருந்தது. இங்கிலாந்து வானியலாளர் ஜோன் ஹெர்ஷல் 1842-இல் இதைச் செய்தார், அவருக்கு மொத்தம் 12 பிள்ளைகள். “அப்ப அவையும் இலை பொறுக்கிக் குடுத்திருப்பினம்” என்றான் மூத்தவன்.

கலவை வழக்கமானதுதான்: 25 கிராம் பெரிக் அமோனியம் சிற்றேற்று, 10 கிராம் பொட்டாசியம் பெரிசயனைட், தனித்தனியே 100 மில்லிலீற்றர் தண்ணீரில். இரண்டாவதின் பெயரைக் கேட்டதும் அம்மாவின் முகம் மாறிவிட்டது. வன்னியில் அந்தச் சொல்லுக்கு என்ன பாரம் என்று நான் எழுதத் தேவையில்லை. இதில் அது இரும்போடு இறுகப் பிணைந்து கிடக்கிறது, வீரியமான அமிலமும் சூடும் சேராமல் பார்த்தால் போதும் என்று பக்கத்தில் இருந்து விளக்கினேன். இருந்தாலும் போத்தல்கள் பூட்டிய அலுமாரியில்தான். பூசுவது பிள்ளைகள் நித்திரையான பிறகு, கையுறையோடு. இலை அடுக்குவது மட்டும் அவர்களின் வேலை.

முதலில் வாங்கிய சிற்றேற்று, பச்சைக்குப் பதிலாக மண்ணிறமாக வந்து சேர்ந்தது. கொழும்புக் கடைக்காரர் “இரண்டும் ஒன்றுதான்” என்று போனில் அடித்துச் சொன்னார். ஒன்றல்ல. வாங்குகிறவர்கள் பச்சை என்று எழுதியே கேளுங்கள். பச்சை கிடைத்து, பஸ்ஸில் பார்சலாக வந்து சேர ஒன்பது நாள் போனது. தாளிலும் ஒரு பாடம் கிடைத்தது. பிள்ளைகளின் சித்திரக் கொப்பித் தாள் வாளிக்குள் கூழாகிவிடுகிறது. நீர்வர்ணத் தாள்தான் தாங்குகிறது.

வெயிலுக்குக் குறைவில்லை. பதினொரு மணிக்கு வைத்தால் எட்டு நிமிடத்தில் தாள் சாம்பல் நிறத்துக்கு வந்துவிடும். சோளகக் காற்று இலையைத் தூக்கும், அதற்குப் பழைய படச் சட்டத்துக் கண்ணாடியும் நாலு கிளிப்பும் போதும்.

பிரச்சினை முழுவதும் கழுவும்போதுதான். தாள் தண்ணீரில் இறங்கியதும் அருமையான நீலம் வரும். பிள்ளைகள் இரண்டும் கத்துவார்கள். பத்து நிமிடம் கழித்துப் பார்த்தால் நீலம் மெலிந்து, இலை இருந்த வெள்ளையில் மஞ்சள் ஏறியிருக்கும். வெயில் போதவில்லை என்று பன்னிரண்டு, பதினைந்து நிமிடம் வைத்துப் பார்த்தேன். பூச்சைத் தடிப்பாக்கினேன். இருபத்து மூன்று தாள் வீணாய்ப் போனது.

விடையைப் பிடித்துத் தந்தது சின்னவள். வாளி மாறி, உடுப்பு ஊறவைத்த சவர்க்காரத் தண்ணிக்குள் ஒரு தாளைப் போட்டுவிட்டாள். எடுக்கும்போது நீலமே இல்லை, முழுக்க மஞ்சள். “அம்மா, சவுக்காரம் நீலத்தைத் திண்டிட்டுது” என்று அழுதாள். அவளைத் தூக்கி வைத்துக்கொண்டே அந்தத் தாளைப் பார்த்தேன். கிணற்றுத் தண்ணீரில் மெதுவாக வந்த அதே மஞ்சள், இதில் ஒரு நிமிடத்தில் வந்திருக்கிறது. காரம்! காரம் பட்டால் இந்தப் படத்தின் நீலமான பிரஷ்யன் நீலம் சிதைந்து இரும்புக் கறைதான் மிஞ்சும். எங்கள் கிணற்றுத் தண்ணீர் கேத்தலுக்குள் வெள்ளையாய்ப் படிகிற காரத் தண்ணீர். அது என் புத்திக்கு எட்ட மூன்று கிழமை.

மழைத் தண்ணீருக்கு ஐப்பசி வரை காத்திருக்க முடியாது. அதனால் ஒரு தாளை மூன்றாய் வெட்டினேன். ஒன்று வெறும் கிணற்றுத் தண்ணீரில், ஒன்று காசுக்கு வாங்கும் வடிகட்டிய குடிதண்ணீரில், ஒன்று காரத்தை முறிக்கத் தேசிக்காய் பிழிந்த கிணற்றுத் தண்ணீரில். முதலாவது வெளுத்தது. மற்ற இரண்டும் நின்றன, தேசிக்காய்த் துண்டு ஒரு பிடி கூடவே கறுநீலம். ஐந்து லீற்றருக்கு ஒரு காய் போதும். சாற்றைத் துணியில் வடித்துத்தான் விட வேண்டும், சக்கை ஒட்டிய இடத்தில் புள்ளி விழுகிறது. முதல் கழுவல் மட்டும் இதில் ஐந்து நிமிடம். கடைசி அலசலைக் குடிதண்ணீரில் முடிக்கிறேன்.

அடுத்தது முல்லைத்தீவுக் கரையில் ஒதுங்கும் கடற்பாசி. இங்கிலாந்துத் தாவரவியலாளர் அன்னா அட்கின்ஸ் 1843-இலேயே கடற்பாசியைத்தான் இப்படிப் பதித்தார். ஓஎச்பி தாளில் (ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாள்) அச்சடித்த மணப்பெண் படம் ஒன்றும் காத்திருக்கிறது. போட்டோகொப்பிக் கடைக் கறுப்பு போதவில்லை, இரண்டு தாளை ஒன்றன்மேல் ஒன்றாய் வைத்துப் பார்க்க வேண்டும். ஆவணி பிறந்தால் நேரம் கிடைக்காது.

அதற்கு முதல் சின்னவளின் கை. நேற்றுக் கண்ணாடிக்கு மேலே உள்ளங்கையை வைத்து, எட்டு நிமிடமும் மூச்சைப் பிடித்த மாதிரி நின்றாள். ஆறாவது நிமிடத்தில் காகம் கத்தத் திரும்பினாள். சுண்டுவிரலுக்குப் பக்கத்தில் புகை மாதிரி இன்னொரு விரல். தனக்கு ஆறு விரல் என்று அயலெல்லாம் காட்டிவிட்டு வந்து, நாளைக்கு மற்றக் கை என்கிறாள். தாள் பூசி இருட்டில் காயப் போட்டிருக்கிறேன்.