கார்டில் பணம் ஏறாத நவம்பர்

அமெரிக்காவில் நாங்கள் இருக்கும் ஊரில், ஒரு சர்ச்சின் அடித்தளத்தில் சின்ன ஃபுட் பேன்ட்ரி, அதாவது இல்லாதவர்களுக்கு இலவசமாக மளிகை கொடுக்கும் இடம், ஒன்று நடக்கிறது. 3 வருடமாக அங்கே வாலண்டியராகப் போகிறேன். செவ்வாய் மாலையும் சனி காலையும் திறப்போம். சனிக்கிழமை என்றால் வழக்கமாக 60, 70 குடும்பம் வரும். 2025 நவம்பர் 1 சனிக்கிழமை. நான் போய்ச் சேரும்போதே வரிசை பார்க்கிங்கைச் சுற்றி வளைந்து தெருமுனையைத் தொட்டிருந்தது. 120 டோக்கன் அடித்து வைத்திருந்தோம். அரை மணி நேரத்தில் தீர்ந்துபோய், மீதியைக் காகிதத்தில் கையால் எழுதிக் கொடுத்தோம்.

இப்படி ஆகும் என்று தெரியாமல் இல்லை. அக்டோபர் 1-லிருந்து அரசு ஷட்டவுன், அதாவது செலவுக்கு நாடாளுமன்ற ஒப்புதல் கிடைக்காமல் அரசு முடங்கிக் கிடந்தது. குறைந்த வருமானக்காரர்கள் உணவு வாங்க அரசு தரும் ஸ்நாப் உதவிக்கு நவம்பர் மாதம் பணம் இல்லை என்று மாநிலங்களுக்கு அக்டோபரிலேயே சொல்லிவிட்டார்கள். இங்கே பலர் இன்னும் ஃபுட் ஸ்டாம்ப் என்றுதான் சொல்கிறார்கள். அப்போது நாட்டில் 8 பேரில் ஒருவர், அதாவது சுமார் 4.2 கோடிப் பேர் அதை வாங்கிக்கொண்டிருந்தார்கள். சராசரியாக ஆளுக்கு மாதம் 187 டாலர், நாளுக்குக் கணக்குப் போட்டால் 6 டாலர் சொச்சம். ஒவ்வொரு மாதமும் கார்டில் தானாக ஏறிவிடும், கடைக்குப் போய்த் தேய்க்க வேண்டியதுதான். அந்த மாதம் ஏறவில்லை.

முன்கூட்டியே தெரிந்தும் ஏன் தயாராகவில்லை என்று என் தம்பியே கேட்டான். ஃபுட் பேங்க் வேறு, பேன்ட்ரி வேறு. ஃபுட் பேங்க் என்பது பெரிய கிடங்கு. எங்களைப் போன்ற பேன்ட்ரிகள் அங்கிருந்து ஆன்லைனில் ஆர்டர் போட்டு, வேன் கொண்டுபோய் எடுத்து வருவோம். அந்தக் கிடங்கே அந்த வருடம் இளைத்துப் போயிருந்தது. மார்ச் மாதத்தில் விவசாயத் துறை ஃபுட் பேங்குகளுக்கு வரவேண்டிய சுமார் 50 கோடி டாலர் உணவை ரத்து செய்தது. கோழி, பால், சீஸ், முட்டை எல்லாம் அதில் போயிற்று. அக்டோபர் கடைசியில் ஆர்டர் பக்கத்தைத் திறந்தால் பீன்ஸ் டின் வேண்டிய மட்டும் இருக்கிறது, கோழி வரிசையில் பூஜ்யம். ஊரில் உள்ள எல்லா பேன்ட்ரியும் அதே பக்கத்தைத்தானே பார்த்துக்கொண்டிருக்கும்.

அன்றைக்கு என்னைப் பதிவு மேசையில் உட்கார வைத்தார்கள். அரசு தரும் உணவை வாங்க ஒரு படிவம் உண்டு: பெயர், முகவரி, வீட்டில் எத்தனை பேர், வருமானம் இந்த வரம்புக்குள் என்று ஒரு கையெழுத்து. எங்கள் மேசையில் சம்பளச் சீட்டு எதுவும் கேட்பதில்லை. ஆனால் புதிதாக வந்தவர்கள் எல்லோரும் ஃபைலோடு வந்திருந்தார்கள். வாடகை ஒப்பந்தம், கரண்ட் பில், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ். "வேண்டாம், உள்ளே வைங்க" என்று சொன்னாலும் நம்பாமல் எடுத்து நீட்டுகிறார்கள். விமான நிலையப் பாதுகாப்பில் ஒரு மாதமாகச் சம்பளம் இல்லாமல் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த ஒருவர், சீருடை தெரியாமல் கோட்டின் ஜிப்பைக் கழுத்துவரை இழுத்துவிட்டுக்கொண்டு கையெழுத்துப் போட்டார். ஊரில் அம்மா ரேஷன் கடை வரிசையில் அக்கம்பக்கத்தாரோடு சத்தமாகப் பேசிக்கொண்டு நிற்பாள். இந்த வரிசையில் யாரும் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

இனி, நன்கொடை. டிவியில் செய்தி வந்ததும் ஊரே திரண்டது, அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் வந்து குவிந்தது பூசணிக்கூழ் டின்னும் கிரான்பெர்ரி சாஸும். நன்றியறிதல் பண்டிகை நெருங்குகிறது அல்லவா, அவரவர் அலமாரியில் இருந்ததை எடுத்து வந்துவிட்டார்கள். ஒவ்வொரு டின்னையும் திருப்பிப் பார்க்க வேண்டும்: தேதி, துரு, உப்பல். விளிம்புத் தையலில் நசுங்கியிருந்தால் குப்பைக்குத்தான் போகவேண்டும். இரண்டு நாள் இதிலேயே போனது. எங்கள் தமிழ் வாட்ஸ்அப் குழுவில் 40 அரிசி மூட்டை தருகிறோம் என்று ஆசையாகச் சொன்னார்கள். பணமாகக் கொடுங்கள் என்றேன். "காசு கொடுத்தா எங்கே போகுதுன்னு தெரியாது, அரிசின்னா கண்ணால பாக்கலாம்" என்று ஒரு அண்ணன் கோபித்துக்கொண்டார். மூட்டையைப் பிரித்துப் பொட்டலம் போட எங்களுக்கு அனுமதி இல்லை, அதே பணத்தில் ஃபுட் பேங்க் மொத்த விலைக்கு இன்னும் அதிகம் வாங்கும் என்று ஒரு மணி நேரம் போனில் பேசினேன். பாதி பணமாக வந்தது, பாதி மூட்டையாகவே வந்தது. பெரிய குடும்பங்களுக்கு முழு மூட்டையாகவே தூக்கிக் கொடுத்தோம்.

செவ்வாய்க்கிழமை வீட்டுக்கு ஒரு பை என்று குறைத்தோம். 4 பேர் உள்ள வீட்டுக்கு அது 3 நாள் தாங்கினால் பெரிது. ஃபுட் பேங்குகள் ஒரு வேளைச் சாப்பாடு தரும் இடத்தில் ஸ்நாப் 9 வேளை தருகிறது என்பது ஃபுட் பேங்குகளின் கூட்டமைப்பான ஃபீடிங் அமெரிக்காவின் கணக்கு. அதை நான் ஒரு வரியாகத்தான் படித்திருந்தேன். 9 வேளையை ஒரு பையில் திணிக்க முயன்றபோதுதான் உறைத்தது.

நவம்பர் 8-தான் மோசமான நாள். ஸ்நாப் பணத்தை முழுதாகப் போடு என்று ராட் ஐலண்ட் மாநிலத்தில் ஒரு நீதிபதி உத்தரவிட்டு, சில மாநிலங்கள் 7-ஆம் தேதியே போட ஆரம்பித்திருந்தன. அன்று இரவே உச்ச நீதிமன்றத்திலிருந்து தற்காலிகத் தடை. சனிக்கிழமை வரிசையில் எல்லோர் கையிலும் போன். "ஏறிடுச்சா?", "பாதிதான் வருமாமே?", "ஏறினதைத் திரும்ப எடுத்துடுவாங்களா?" என்று எங்களைக் கேட்கிறார்கள். நாங்களும் அதே செய்தியைத்தான் படித்திருந்தோம். கார்டு பின்னால் உள்ள எண்ணுக்குப் போன் போடுங்கள் என்பதைத் தவிர ஒன்றும் சொல்லத் தெரியவில்லை.

12-ஆம் தேதி இரவு, 43 நாளுக்குப் பிறகு ஷட்டவுன் முடிந்தது. கார்டுகளில் பணம் ஏறியது. 15-ஆம் தேதி வரிசை குறைந்தது, ஆனால் பழைய 70-க்கு இறங்கவில்லை. அந்த இரண்டு வாரத்தில் வாடகைப் பணத்தைச் சாப்பாட்டுக்கு எடுத்தவர்கள் இப்போது சாப்பாட்டுக்கு எங்களிடம் வந்தார்கள்.

இன்னொரு கூட்டமும் சேர்ந்துகொண்டது. ஜூலையில் வந்த சட்டப்படி, சிறு பிள்ளைகள் இல்லாதவர்கள் 64 வயது வரை மாதம் 80 மணி நேரம் வேலை காட்ட வேண்டும், இல்லையென்றால் 3 வருடத்தில் 3 மாதம்தான் ஸ்நாப். முன்பு அந்த வரம்பு 54. முதல் சனிக்கிழமை காகித டோக்கன் வாங்கிய 61 வயது அம்மா ஒருவர், இங்கே வாலண்டியராக வந்தால் அது கணக்கில் சேருமா என்று கேட்டார். சேரும். இப்போது டின் பிரிக்கும் மேசை அவருடையது, என்னைவிட வேகம். அவருடைய டிசம்பர் மாத வேலைநேரத் தாளில் 34 மணி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மீதி 46-க்கு ஒரு சலவைக் கடையில் வேலை. அங்கே ஷிப்டைக் குறைத்துவிட்டால் என்ன செய்வது என்று கேட்டார். சனிக்கிழமை வேனோடு ஃபுட் பேங்குக்கும் வாருங்கள், அதையும் சேர்த்து எழுதிவிடலாம் என்றேன்.